இன்னைக்கு என்ன வந்திருக்கு?

தூத்துக்குடியில் நல்ல மீன் வேண்டுமென்றால் இருட்டிய பிறகுதான் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அங்கே விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும் என்பது விதி. பகலில் வலையில் விழுந்தது இரவே ஏலத்துக்கு வந்துவிடும். ராமேஸ்வரத்தில் கணக்கே வேறு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கிழமை பிரித்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு; மற்ற நாட்களில் நாட்டுப்படகு. சென்னை காசிமேட்டுக்கு வாருங்கள். தங்கு கடலுக்குப் போன படகுகள் ஒரு வாரம், பத்து நாள் அங்கேயே கிடந்து, பிடித்ததை ஐஸில் அடுக்கிக்கொண்டு வந்து சேரும். அதே காசிமேட்டில் ராத்திரி போய்க் காலையில் திரும்பும் ஃபைபர் படகுகளும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களோ வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பவர்கள்.

ஆக, "காலைல வந்த மீன் சார்" என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். படகு காலையில்தான் வந்தது. மீன் என்றைக்குப் பிடிபட்டது என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் அதைக் கேட்பதில்லை. மீனின் பெயரைக் கேட்கிறோம். விருந்தாளி வந்தால் வஞ்சிரம், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு வவ்வால், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா. வீட்டில் முடிவு செய்த பெயரோடு சந்தைக்குள் நுழைகிறோம். அந்தப் பெயர் எப்படியும் கிடைத்துவிடும். ஐந்து நாள் ஐஸில் இருந்த வஞ்சிரமும் வஞ்சிரம்தானே. அதற்குப் பக்கத்துக் கூடையிலேயே பாறையும் விளையும் கிழங்கானும் சங்கராவும் சில மணி நேரத்துக்கு முன் கடலில் இருந்த மினுக்கோடு கிடக்கும்; பாதி விலைக்கும் ஆள் இருக்காது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில் நான்கைந்து பெயர்களுக்குள் சாப்பிட்டு முடிப்பது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. கடல் உணவை ருசித்துச் சாப்பிட ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும் என்பேன்: "வஞ்சிரம் இருக்கா?" என்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்பது.

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மனிதர்கள் மீன் விற்கும் பெண்கள். சென்னையில் மெரினாவை ஒட்டிய லூப் ரோட்டில், நொச்சிக்குப்பத்துப் பெண்கள் வெகுகாலம் சாலையோரம் பலகை போட்டு விற்றார்கள். 2024இல் அங்கேயே அவர்களுக்கு அங்காடி கட்டித் தரப்பட்டது. எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அம்மா எந்த மீனைக் கேட்டாலும் முதலில் செய்வது ஒன்றுதான். மீனைத் தலைப்பக்கமாகப் பிடித்து, கட்டை விரலால் செவிள் மூடியைத் தூக்கி, வெளிச்சத்தின் பக்கம் திருப்புவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். உள்ளே ரத்தச் சிவப்பில் சீப்பின் பற்கள் மாதிரி செவிள் பிரிந்து பிரிந்து தெரிந்தால் அது நல்ல மீன். பழுப்பேறி, கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் அவரே கீழே வைத்துவிடுவார். "வஞ்சிரம் வாணாம் கண்ணு, முந்தாநாளே ஐஸ்ல இருந்துச்சு. இந்தப் பாறையப் பாரு, தூண்டில்ல வுழுந்தது."

தூண்டில் மீன் என்று அவர் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இழுவலையில் மாட்டிய மீன், வலையின் மடிக்குள் நூற்றுக்கணக்கான கிலோ எடைக்கு அடியில் நசுங்கி, மணிக்கணக்கில் இழுபட்டு மேலே வருகிறது. தூண்டிலில் வந்தது தனியாக, அடிபடாமல், உயிரோடு படகுக்குள் விழுகிறது. செதில் உதிர்ந்திருக்காது, சதை கன்றியிருக்காது. கரைவலை மீனும் இப்படித்தான். கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கும் வலையில் வரும் நெத்திலியும் காரப்பொடியும் மணலில் துள்ளிக்கொண்டிருக்கும்போதே கூடைக்குப் போகும். விலை குறைந்த மீன்தான். ஆனால் அந்தப் புதுமையை எந்தப் பெரிய மீனிடமும் எதிர்பார்க்க முடியாது.

கண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். தெளிந்து, புடைத்து நிற்கும் கண் நல்லது. குழிந்து வெளுத்த கண் பழையது. ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்ட மீனுக்குக் கண் சீக்கிரமே மங்கிவிடும். அதனால் கண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம். விரலால் சதையை அழுத்தினால் குழி உடனே மேலெழ வேண்டும். சாளை, நெத்திலி போன்ற சின்ன மீன்களுக்கு வயிறுதான் அடையாளம். அவற்றின் குடலில் உள்ள நொதிகள் மீன் செத்ததும் வயிற்றுச் சுவரையே அரிக்கத் தொடங்கும். வயிறு உடைந்த சாளையை வாங்காதீர்கள். இறாலுக்குத் தலை: உடலோடு விறைப்பாக ஒட்டியிருக்க வேண்டும், கழுத்தில் கறுப்பு ஏறக் கூடாது. கணவாய் புதிதாக இருந்தால் அதன் தோலில் பழுப்பும் ஊதாவுமாய்ப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். பழசானால் அந்தச் சாயம் கரைந்து சதை முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். சுறாவிலும் திருக்கையிலும் சதைக்குள்ளேயே யூரியா இருப்பதால் தாமதித்தால் அம்மோனியா நெடி கிளம்பும். முகர்ந்து பார்க்காமல் அவற்றை வாங்கவே கூடாது.

நண்டைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதுதான் வேண்டும். நிலாக் காலத்து நண்டு சோடை, அமாவாசை நண்டில்தான் சதை என்பது கடற்கரையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நிலவு ஒருபக்கம் இருக்கட்டும். ஓடு மாற்றிய நண்டின் உள்ளே கொஞ்ச நாளைக்குத் தண்ணீர்தான் இருக்கும். அடிப்பக்க ஓட்டை அழுத்தினால் அமுங்கிக் கொடுப்பது அந்த வகை. வயிற்றுக்கு வெளியே கொத்தாக முட்டையைச் சுமந்து நிற்கும் சினை நண்டை, விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அடுத்த பருவத்தின் நண்டுகள் அந்தக் கொத்தில் இருக்கின்றன.

ஐஸ் போட்ட மீனென்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. பிடித்த கையோடு, மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸில் போட்ட வெப்பக்கடல் மீன் பல நாள் நன்றாகவே இருக்கும். வெயிலில் மூன்று மணி நேரம் கிடந்த 'இன்றைய மீனை' விட, முறையாக ஐஸில் இருந்த மூன்று நாள் மீன் எவ்வளவோ மேல். அயிலை, சூரை, சாளை ஆகியவற்றுக்கு இது ருசியோடு நிற்கிற விஷயமில்லை. சூட்டில் கிடந்தால் இவற்றின் சதையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற நச்சை உண்டாக்குகின்றன. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும் அந்த நச்சு அழியாது. இந்த மூன்று மீனையும் ஐஸ் இல்லாத தட்டிலிருந்து வாங்காமல் இருப்பதுதான் வழி.

ஃபார்மலின் பயமும் ஐஸோடு சேர்ந்து வந்ததுதான். 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, வெளிமாநிலங்களிலிருந்து வந்த மீனை எல்லைச் சோதனைச் சாவடிகளில் பிடித்து ஃபார்மலின் கலந்திருப்பதைக் கண்டது; அடுத்த மாதமே கோவாவில் வெளிமாநில மீனுக்குத் தடை வந்தது. ஐஸுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் எடுத்த குறுக்குவழி அது. மீனின் மேல் ஈயே உட்காரவில்லை, மீன் வாசமும் இல்லை, உடம்பு ரப்பராக விறைத்திருக்கிறது என்றால் நகர்ந்துவிடுங்கள். எந்தப் படகு, எந்தக் கரை என்று சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவதுதான் நமக்கிருக்கும் பெரிய பாதுகாப்பு.

வீட்டுக்கு வந்ததும் பையோடு குளிர்பெட்டியில் வைப்பது பலருக்குப் பழக்கம். அதற்குள் குடலும் செவிளும் தம் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் அவை இரண்டையும் எடுத்துவிட வேண்டும். சாளை, காரப்பொடி மாதிரி சின்ன மீன்களுக்கு, உட்புறம் சொரசொரப்பாகச் செய்த மண்சட்டியைக் காட்டிலும் நல்ல கருவி இன்னும் வரவில்லை. கல்லுப்பைத் தூவி, மீனைச் சட்டியில் போட்டு உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி உரசினால் செதிலும் வழுவழுப்பும் கழன்று, மீன் வெள்ளிக்காசாகப் பளபளக்கும். கெளுத்தி போல வழுக்கும் மீனுக்கு அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். நெத்திலிக்குக் கத்தியே வேண்டாம். தலையைக் கிள்ளி மெதுவாக இழுத்தால் குடலும் சேர்ந்தே வந்துவிடும்.

மீனுக்கு ஏன் புளி? கடல் மீனின் சதையில் ட்ரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்றொரு பொருள் இருக்கிறது. அதற்கு வாசமில்லை. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து ட்ரைமெத்தில் அமைன் ஆக்குகின்றன. நாம் கவிச்சி என்று மூக்கைப் பொத்துவது அதைத்தான். புளியிலுள்ள அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆவியாகி மூக்குக்கு ஏறாமல் தடுக்கிறது. சென்னையில் புளி, நாகர்கோவிலில் மாங்காய், கேரளத்தில் குடம்புளி, இலங்கையில் கொறுக்காய்ப்புளி எல்லாம் இந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன. மீன் எவ்வளவு புதிதோ அவ்வளவுக்குப் புளியைக் குறைக்கலாம். அன்று பிடித்த கிழங்கானுக்கோ விளைமீனுக்கோ எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றுவது அந்த மீனை மறைக்கிற காரியம். மாங்காய்க் காலத்தில் நல்ல நெத்திலி வந்தால் நாகர்கோவில் பக்கம் அவியல் வைப்பார்கள்: மாங்காய்த் துண்டு, முருங்கைக்காய், தேங்காய் அரைப்பு, பச்சை மிளகாய், கடைசியில் தேங்காயெண்ணெய். மசாலாத்தூள் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மீன் புதிதாக இல்லாவிட்டால் அந்தக் கறியில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

குழம்பு நன்றாகக் கொதித்து, எண்ணெய் மிதந்து, அடுப்பைத் தணித்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். இறைச்சியின் இணைப்புத் திசுவை விட மீனுடையது மிகக் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். ஐந்து நிமிடம், கனத்த துண்டென்றால் ஏழெட்டு நிமிடம். கரண்டி போடக் கூடாது. சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். அப்படிக் கரைந்த திசுதான் மறுநாள் காலை குழம்பைக் கெட்டியாக்கி வைக்கிறது. பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடுபவர்கள் சொல்லும் ருசியில் பாதி அதுதான். கணவாய்க்கு மட்டும் வேறு கணக்கு: இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், அல்லது முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்.

திறந்த வெளியில் கடல் உணவு சாப்பிடுவதில் தமிழர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து வடித்து அதன் கசப்பைப் போக்குவார்கள். முற்றத்தில் பெரிய பானை ஏறும். மீன் தலைகளும் சிறுமீனும் நண்டும் இறாலும் கணவாயும், கூடவே பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, ஒரு பிடி அரிசி. எல்லாம் வெந்ததும் செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளி, கடைசியில் கரைத்த ஒடியல் மா, முருங்கையிலை. கொதிக்கக் கொதிக்கக் கூழைப் பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றி, மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவார்கள். மூக்கும் கண்ணும் ஒழுகும். நண்டுக்கால் கையில் இருக்கும். இந்தக் கூழுக்கு இன்ன மீன்தான் என்று விதி கிடையாது, அன்றைக்கு என்ன கிடைத்ததோ அது. ஒரே வகை மீனைப் போட்டு வைத்தால் கூழுக்கு அந்தக் குணம் வராது. டொரன்டோவிலும் லண்டனிலும் கோடை வந்தால் வீட்டுப் பின்முற்றத்தில் இந்தப் பானை ஏறுகிறது. பிளாவுக்குப் பதிலாகக் காகிதக் கோப்பை, மற்றபடி உறவினர் கூட்டம் அதேதான்.

நம் கடற்கரைகளில் வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது என்றால் வறுவல் கடைகள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாலையானால் தவாவில் மீன் சீறும். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியில் இன்று அரிச்சல்முனைக்குப் போகும் சாலையோரம் கொட்டகைகளில் மீன் வறுத்துத் தருகிறார்கள். இருபுறமும் கடல், காலடியில் மணல், கையில் சூடான மீன். இதற்கு ஈடாக ஓர் இடத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மசாலா தடவி வெயிலில் அடுக்கியிருக்கும் மீன் பார்க்க அழகாகச் சிவந்திருக்கும், ஆனால் அது எத்தனை மணி நேரமாக அங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. "மசாலா போடாத மீன் இருக்காம்மா?" என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். ஒன்றைத் தேர்ந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் மட்டும் தடவி வறுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடை.

உணவகங்களில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல மெஸ்கள் கேட்காமலே காட்டிவிடும். சேப்பாக்கத்தில் 1961 முதல் நடக்கும் நாயர் மெஸ்ஸிலும் மதுரையின் அசைவ மெஸ்களிலும், அன்றைக்குச் சமைத்ததைத் தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவருவார்கள். அச்சடித்த பட்டியலை விட அந்தத் தட்டு எவ்வளவோ நாணயமானது. தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். மாறாக, ஆண்டு முழுவதும் ஒரே பதினைந்து மீன் பெயர்கள் ஒரே விலையில் நிற்கும் பட்டியலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். கடல் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. எலும்பே இல்லாத வெள்ளைத் துண்டு 'ஃபிஷ் ஃபிங்கர்' ஆக வந்தால் அது பெரும்பாலும் பாசா. கடலையே பார்க்காத, குளத்தில் வளர்ந்து உறைந்து வந்த நன்னீர் மீன். இறாலும் இன்று பெரும்பாலும் பண்ணை இறால்தான். 2009இல் அனுமதி கிடைத்த வன்னமெய் இனம் இன்று நம் கரையோரப் பண்ணைகளை ஆள்கிறது. பண்ணையில் வளர்ந்ததால் மட்டும் அது மட்டமாகிவிடாது. ஆனால் கடல் இறால் விலைக்கு அதைத் தருகிறார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நல்லதை நம் ஊரிலேயே கேட்டுச் சாப்பிடும் உரிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு கொழும்பில் இருக்கிறது. இலங்கைக் களப்புகளின் பெரிய களிநண்டுகள் வெகுகாலமாக உயிரோடு சிங்கப்பூருக்குப் பறந்துகொண்டிருந்தன. உள்ளூர்க்காரர்கள் தங்கள் நண்டைச் சாப்பிட அங்கே போக வேண்டிய நிலை. தர்ஷன் முனிதாச என்ற சமையல் கலைஞர், கிரிக்கெட் வீரர்கள் சங்ககாரவுடனும் ஜெயவர்தனவுடனும் சேர்ந்து 2011இல் பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் 'மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப்' உணவகத்தைத் தொடங்கினார். ஏற்றுமதித் தரத்து நண்டை ஊரிலேயே பரிமாறுவது என்பதுதான் அதன் கொள்கை. விலை எல்லோருக்கும் எட்டாது. ஆனால் பிடித்த இடத்திலேயே நல்லதைச் சாப்பிடலாம் என்ற எண்ணம் அதன்பிறகு அங்கே வலுத்தது. நம் வஞ்சிரத்திலும் கணவாயிலும் இறாலிலும் சிறந்தது இன்னும் கப்பலேறித்தான் போகிறது.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருக விசைப்படகுகள் கரையில் நிற்க வேண்டும். கன்னியாகுமரியின் மேற்குக் கரைக்கு அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த மாதங்களில் மீன் சாப்பிடுவதையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. நாட்டுப்படகுகளுக்கும் வள்ளங்களுக்கும் தடை கிடையாது. அவை கரையோரம் போய் அன்றன்றே திரும்புபவை. கரைக்கு வருவதில் பெரும்பகுதி 'இன்றைய மீன்'தான் என்றிருக்கும் காலம் இது. விலை ஏறித்தான் இருக்கும், பெரிய மீன் குறைவாகத்தான் வரும். சின்ன மீன் சாப்பிடப் பழகியவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. சந்தையில் இந்த நாட்களில் பெரிய வஞ்சிரம் நிறையக் கிடந்தால், அது எந்தக் கரையிலிருந்து, எத்தனை நாள் பயணம் செய்து வந்தது என்று கேளுங்கள்.

தடை முடிந்து முதல் படகுகள் திரும்பியதும் வரும் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் நிற்க இடம் இருக்காது. அன்று போக வேண்டாம். அடுத்து வரும் செவ்வாயோ புதனோ, இருட்டு விலகுவதற்குள் போங்கள். ஏலம் போடுபவரிடமிருந்து கூடையை எடுத்துவந்து கூறு பிரிக்கும் பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஃபைபர் படகில் என்ன வந்தது என்று கேட்டு, அவர்கள் காட்டும் கூறை வாங்குங்கள்.